செய்தியின் ஸனது எங்கே?



ஒளூச் செய்யும்போது தண்ணீர் சுத்தமானதுதானா என்று பார்க்கிறோம். கறிக்கடையில் அறுத்தவர் யார் என்று கேட்கிறோம். பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி நாலு ஊரில் விசாரிக்கிறோம். ஆனால் கைப்பேசியில் வந்து விழும் செய்தியை மட்டும், சொன்னவர் யார், எங்கிருந்து வந்தது என்று கேளாமல் அப்படியே விழுங்கி, அடுத்த நொடியே பத்துப் பேருக்குப் பந்தியும் வைத்துவிடுகிறோம். இது மார்க்கத்தில் ஆகுமானதா? இணையவழிச் செய்தியை நம்புவதிலும் பிறருக்குச் சொல்வதிலும் ஒரு முஃமின் பேண வேண்டிய ஒழுக்கம் என்ன? இம்மாதப் பாடத்தில் இதனைச் சற்று விரிவாக நோக்குவோமாக!

பிறர் குறையைச் சொல்லுமுன் தன் குறையைச் சொல்லிவிடுவதே முறை. ஆகவே நம்முடைய கைப்பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

நாம் செய்த தவறு

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை இரவு. மறைமலை நகரில் இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தோம். கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. கம்பெனி விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டைச் சாப்பிட்ட பெண் பிள்ளைகள் பலர் இறந்துவிட்டார்கள் என்றும், அதை மறைக்கிறார்கள் என்றும், எல்லோருக்கும் அனுப்பும்படியும் அதில் இருந்தது. நெஞ்சு பதறிற்று. ‘இன்னாலில்லாஹி’ என்று மேலே எழுதி, நமது மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டோம்.

அந்தக் குழுவில் ஒரு தாய் இருந்தார். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் அவருடைய தங்கையின் மகள் ஒரகடம் பக்கத்தில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, விடுதியில் தங்கியிருந்தாள். அவளுக்குப் போன் போட்டார், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தங்கைக்குப் போன் போட்டார். “ஹஜ்ரத்தே போட்டிருக்கிறார், பொய்யாக இருக்காது” என்று அவர் அழுதுகொண்டே சொன்னாராம். அந்தப் பெற்றோர் கிடைத்த பஸ்ஸில் ஏறி, நள்ளிரவு தாண்டிச் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, வாகனம் தேடி விடுதி வாசலுக்குப் போய்ச் சேர்ந்து, விடியும்வரை அங்கேயே நின்றிருக்கிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து மற்றப் பெண்களோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள் மகள். கம்பெனிக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாதென்பதால் அதை அணைத்து அறையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ்!

சில நாள் கழித்து அந்தப் பெண் தன் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது நாம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் கோபப்படவில்லை. “ஹஜ்ரத், எந்தக் கம்பெனி, எந்த விடுதி, யார் பார்த்தது என்று அதில் ஏதாவது எழுதியிருந்ததா?” என்று மட்டும் கேட்டாள். நாம் தலை கவிழ்ந்தோம். மத்ரஸாவில் ஆண்டுக்கணக்கில் ஹதீதுக் கலை ஓதியவர்களிடம், தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் பிள்ளை ஸனதைக் கேட்டாள்; நம்மிடம் இருக்கவில்லை.

நடந்தது என்ன?

சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த, பூவிருந்தவல்லிப் பகுதி விடுதி ஒன்றில் அவ்வாண்டு டிசம்பர் 15ந் தேதி வாக்கில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றனர். 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் சிலரைப் பற்றித் தோழிகளுக்குத் தகவல் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் ‘இறந்துவிட்டார்கள்’ என்ற வதந்தி புகுந்தது. 17ந் தேதி இரவு தொடங்கி மறுநாள் வரை ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஒருவரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்களை வீடியோ அழைப்பில் பேச வைத்துக் காட்டிய பிறகே பதற்றம் தணிந்தது.

ஆக, மரணச் செய்தி பொய். அப்படியானால் எல்லாமே பொய்யா? இல்லை! இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். நோய் உண்மை, மருத்துவமனை உண்மை, விடுதிகளின் அவல நிலையும் உண்மை. ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் நிருபர்கள் அந்த ஆலையில் வேலை செய்த பெண்கள் ஆறு பேரை நேரில் விசாரித்து, தரையில் படுத்துறங்கும் நெருக்கத்தையும், தண்ணீர் வராத கழிப்பிடங்களையும் அம்மாத இறுதியில் வெளியிட்டார்கள். தொழிலாளர் விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் சில தனது தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12ல்தான் மீண்டும் திறந்தது.

ஒரே சம்பவத்தில் இருவகைச் செய்திகள்! ஒன்று, பெயரில்லாமல், இடமில்லாமல், பார்த்தவர் இல்லாமல் பறந்து வந்தது. அது பெற்றோரை நடுரோட்டில் நிறுத்தியது. மற்றொன்று, கண்டவர்களிடம் கேட்டு, கம்பெனியிடமும் விளக்கம் கேட்டு, நிதானமாக வந்தது. அந்தப் பெண்களுடைய குறையை உலகம் கேட்கும்படி செய்தது இரண்டாவதுதான். பொய்யோ அவர்களுடைய நியாயத்துக்கே ஊறு செய்தது. ‘அதெல்லாம் வதந்தி’ என்று சொல்லி உண்மையான குறையையும் சேர்த்துத் தள்ளிவிட விரும்புவோருக்கு, பொய்யைப் பரப்பியவரே வழி செய்து கொடுக்கிறார். பாதிக்கப்பட்டவர்மீது இரக்கம் கொண்டு பரப்பிய பொய்யும் பாதிக்கப்பட்டவருக்கே கேடாக முடியும் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

திருமறையின் கட்டளை

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில், நம்பத் தகாதவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ளும்படி அல்லாஹுத் தஆலா முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறான். அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு கைசேதப்படக் கூடாது என்பதை அதன் காரணமாகவும் சொல்லிக் காட்டுகிறான். பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஸக்காத்தைத் தர மறுத்துப் பகைமை கொண்டுவிட்டதாக மதீனாவுக்குத் தவறான தகவல் வந்ததும், விசாரித்ததில் அவர்கள் மார்க்கத்தில் உறுதியாக இருந்தது தெரிய வந்ததும் இவ்வசனம் இறங்கிய பின்னணி என்று முஃபஸ்ஸிரீன்கள் பலர் எழுதியுள்ளனர். விசாரணை இல்லாதிருந்தால் ஒரு சமூகமே அநியாயமாக அழிந்திருக்கும்!

அன்னிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம், பயத்தைப் பற்றியோ பாதுகாப்பைப் பற்றியோ செய்தி வந்தவுடன் அதைப் பரப்பிவிடுவோரைக் கண்டிக்கிறது. ஆய்ந்து உண்மை அறியக்கூடியவர்களிடம் அதைக் கொண்டுபோக வேண்டும் என்று அவ்வசனம் உணர்த்துகிறது. காதில் விழுந்ததையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதுமானது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் பதிவாகியுள்ளது. அவன் பொய்யை உண்டாக்கினான் என்பதல்ல. கேட்டதை விசாரியாமல் சொன்னான் என்பதே அவன் மீதுள்ள குற்றம். ‘நான் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினேன்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு சொல்லப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். அதை உண்டாக்கியவர்கள் நயவஞ்சகர்கள். ஆனால் அதை நாவால் கடத்தியவர்களில் நல்ல முஸ்லிம்களும் சிலர் இருந்தனர். நல்லவர் சொல்லிவிட்டார் என்பதாலேயே ஒரு செய்தி நல்லதாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஹதீதுக் கலை கற்றுத் தரும் அளவுகோல்

ஹதீது எங்கே, அன்றாடச் செய்தி எங்கே! இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நாம் துணியவில்லை. ஆயினும் வந்த சொல்லைச் சோதிக்க நம் முன்னோர் வகுத்த முறை எந்தச் செய்திக்கும் உதவக்கூடியது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு ஹதீதை நேரில் கேட்பதற்காக ஒரு மாதப் பயணம் மேற்கொண்டு அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்ற வரலாறு புகழ் பெற்றது. நமக்கோ ஒரு போன் அழைப்பு பாரமாக இருக்கிறது.

ஒரு ஹதீது ஸஹீஹ் ஆவதற்கு முஹத்திஸீன்கள் ஐந்து நிபந்தனைகளைக் கூறுவர். அவற்றைக் கைப்பேசிச் செய்திக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, தொடர் அறுபடாதிருத்தல். கண்ணால் கண்டவர் முதல் நம் கைக்கு வந்து சேரும்வரை இடையில் எவரும் விடுபடக் கூடாது. ‘அனுப்பப்பட்டது’ என்ற குறியோடு வரும் வாட்ஸ்அப் செய்திக்குத் தொடரே கிடையாது. அனுப்பியவரையே கேட்டாலும் அவருக்கும் தெரியாது. செய்தித் தளமாயின், நிருபர் பெயர், ஊர், தேதி, யாரிடம் கேட்டறிந்தது ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ‘சமூக வலைத்தளங்களில் பரவி வருகிறது’ என்று எழுதுவது ஸனது அல்ல. ஸனது இல்லை என்பதற்கான ஒப்புதல்.

இரண்டாவது, அதாலத் என்னும் நேர்மை. இந்தத் தளம் முன்பு பொய் சொல்லி அகப்பட்டதா? தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிடுகிறதா, சத்தமில்லாமல் அழித்துவிடுகிறதா? பார்ப்பவர் எண்ணிக்கை கூடினால் விளம்பர வருமானம் கூடும் என்பது யூடியூப் தொழிலின் கணக்கு. முகப்புப் படத்தில் ஒன்றைப் போட்டு, உள்ளே வேறொன்றைச் சொல்லும் சேனல், கலப்படப் பால் விற்கும் கடைக்குச் சமானம்.

மூன்றாவது, ளப்த் என்னும் துல்லியம். நேர்மையானவர்க்கும் மறதியும் மிகையும் உண்டு. நமது ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாகப் போர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் அறிவித்து, மறைமலை நகர் ஆலை 2022ல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. அதன்பின் ‘மீண்டும் திறக்கிறது’ என்ற தலைப்பை எத்தனை முறை படித்தோம்! 2024 செப்டம்பரில் கம்பெனி அரசிடம் கொடுத்தது விருப்பக் கடிதம். 2025 அக்டோபரில் ஆனது, எஞ்சின் தயாரிப்புக்கான ஒப்பந்தம். உற்பத்திக்கு அவர்கள் சொன்ன ஆண்டு 2029. விருப்பம் வேறு, ஒப்பந்தம் வேறு, ஆலை ஓடுவது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக்கி எழுதும் தலைப்பை நம்பி, இருக்கும் வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பவனின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

நான்காவது, ஷாத் ஆக இல்லாதிருத்தல். நம்பிக்கையானவர்கள் பலர் ஒருவிதமாகச் சொல்ல, ஒருவர் மட்டும் மாற்றிச் சொன்னால் நிதானிக்க வேண்டும். பெரிய சம்பவம் உண்மையில் நடந்திருந்தால் பலர் தனித்தனியே எழுதியிருப்பார்கள். ஒருவர் எழுதியதையே பத்துத் தளங்கள் பெயர்த்தெழுதினால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான்.

ஐந்தாவது, இல்லத் என்னும் மறைவான குறை இல்லாதிருத்தல். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகத் தோன்றும், உள்ளே பழுதிருக்கும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் வடநாடெங்கும் பரவின. வீடியோ உண்மையான வீடியோதான்! ஆனால் ஒன்று பீகார் தொழிலாளிகளின் இரு பிரிவினருக்குள் நடந்த சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவருக்கிடையில் நடந்த சண்டை என்று தமிழகக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்றும் வந்து விசாரித்துப் போயிற்று. அதற்குள் எத்தனை தொழிலாளிகளின் தாய்மார்கள் ஊரில் உறக்கமின்றிக் கிடந்திருப்பார்கள்! செயற்கை நுண்ணறிவால் குரலையும் முகத்தையும் போலியாகச் செய்துவிடும் இக்காலத்தில் இந்த ஐந்தாவது சோதனை மிகமிக அவசியம்.

அச்சுக்கும் திரைக்கும் உள்ள பேதம்

பத்திரிகை ஒன்றைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்தின் அடியில் ஆசிரியர், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களும் முகவரியும் இருக்கக் காணலாம். 1867ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சு 1ல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சிறிய வரி ஒரு ஸனதைப் போன்றது. தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்று அது காட்டிவிடுகிறது. பத்திரிகைகளும் பொய் எழுதியதுண்டு; ஆனால் பொய்யனுக்கு முகவரி இருந்தது.

கைப்பேசிச் சேனல் தொடங்கவோ ஒரு கேமராவும் ஒரு புனைபெயரும் போதும். வலைத்தளங்களும் யூடியூப் சேனல்களும் பொறுப்பின்றிச் செய்தி பரப்புவது குறித்து 2021 செப்டம்பர் 2ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த ரமணா அவர்கள் கவலை தெரிவித்தார்கள். நிஜாமுத்தீன் மர்கஸ் விஷயத்தில் வந்த செய்திகளை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில்தான் அவர்கள் அவ்வாறு கூறினார்கள்.

அந்த மர்கஸ் விஷயத்தை நாம் மறக்க முடியுமா? 2020ல் கொரோனா நோயையே நம் தலையில் கட்டி, பழைய வீடியோக்களையெல்லாம் ஒட்டி, காய்கறி வண்டிக்காரரைக்கூடத் தெருவில் விடாமல் செய்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 21ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, ஜமாஅத்தில் வந்த வெளிநாட்டினர் 29 பேர் மீதிருந்த வழக்குகளை ரத்து செய்து, ஊடகங்கள் செய்த பிரச்சாரத்தையும் கண்டித்தது. பொய்ச் செய்தி எப்படிச் சுடும் என்பதை அனுபவித்தறிந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாமே வேறொரு சமூகத்தாரைப் பற்றி, வேறொரு கட்சியாரைப் பற்றி, ஏன், நம்முள் வேறொரு ஜமாஅத்தாரைப் பற்றி வருவதை விசாரியாமல் அனுப்பினால் அது எந்த வகையில் நியாயம்? நமக்குச் சாதகமான செய்தியைத்தான் இருமடங்கு சோதிக்க வேண்டும். ஏனெனில் அங்கேதான் நப்ஸு கண்ணை மறைக்கிறது.

வாய் மூடியிருப்பது பேணுதலா?

‘வம்பே வேண்டாம், எந்தச் செய்தியையும் நம்ப மாட்டேன், எதையும் சொல்ல மாட்டேன்’ என்று சிலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அதுவும் சரியன்று. திருமறை விசாரிக்கும்படி சொல்கிறது. காதைப் பொத்திக்கொள்ளும்படி சொல்லவில்லை. தெளிந்த உண்மையை, அதிலும் அநியாயத்துக்கு ஆளானவருக்கு உதவும் உண்மையை மறைப்பது சாட்சியத்தை மறைப்பதைப் போன்றது. சுங்குவார்சத்திரத்துப் பெண்களின் விஷயத்தில் அவர்களுடைய குறையை முன்பே கேட்டறிந்து சொல்லியிருந்தால், தோழிகள் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்று உடனே தெரிவித்திருந்தால், வதந்திக்கு இடமேது? உண்மை தாமதிக்கும் இடத்தில்தான் பொய் பாய் விரிக்கிறது. இந்த எச்சரிக்கை செய்தியாளருக்கும் உண்டு; அதிகாரிகளுக்கும் உண்டு; ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் உண்டு.

தவறிய பின்

தவறான செய்தியை அனுப்பிவிட்டால் என்ன செய்வது? சத்தமில்லாமல் அழித்துவிட்டால் போதாது. அல்பகரா அத்தியாயத்தின் 160ஆம் வசனம் உண்மையை மறைத்தவர்களின் தௌபாவைப் பற்றிக் கூறும்போது, சீர்திருத்திக்கொள்வதையும் தெளிவுபடுத்துவதையும் அதனோடு சேர்த்துச் சொல்கிறது. ஆகவே எந்தக் குழுவில் பொய்யைப் போட்டோமோ அதே குழுவில், ‘நான் அனுப்பியது தவறு, உண்மை இது’ என்று எழுத வேண்டும். நாம் அவ்வாறு எழுதினோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதன்பின் அந்தக் குழுவில் ‘இது விசாரித்ததா?’ என்று கேட்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது.

இல்லங்களில் கைக்கொள்ள வேண்டியவை

மரணம், கலவரம், குழந்தை கடத்தல், வேலைவாய்ப்பு, வட்டியில்லாக் கடன் என்று வரும் செய்திகளை, சம்பந்தப்பட்டவரிடமோ பொறுப்பானவரிடமோ கேட்காமல் அனுப்பாதீர்கள். குழந்தை கடத்துவோர் நடமாடுவதாகப் பரவிய வாட்ஸ்அப் வதந்தியால், 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோவிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததே அவர்மீது சந்தேகத்தை உண்டாக்கிற்று. அந்தச் செய்தியை அனுப்பிய ஒவ்வொரு விரலுக்கும் மறுமையில் கேள்வி இல்லையா?

வீடியோ வந்தால் தேதியும் இடமும் தேடுங்கள். தலைப்போடு நிறுத்தாமல் முழுவதும் படியுங்கள். குறைந்தது இரண்டு தனித்தனி இடங்களிலாவது பாருங்கள். ‘எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று செய்தியே கெஞ்சினால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பிள்ளைகளிடம், ‘யார் சொன்னது? அவர் பார்த்தாரா?’ என்று கேட்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள். சந்தேகம் நீங்கவில்லையானால் அது உங்களோடு நிற்கட்டும். அனுப்பாமல் விட்ட செய்திக்காக வருந்தினால், விசாரித்துவிட்டு நாளைக்கு அனுப்பலாம். அனுப்பிவிட்ட பொய்யைத் திரும்ப அழைக்க நம்மால் ஆகாது.

அந்தப் பெண் கேட்ட மூன்று கேள்விகளை ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்வோம்: எந்த இடம்? எவருக்கு? யார் பார்த்தது?

வல்ல அல்லாஹ் நம் நாவையும் விரலையும் பொய்யிலிருந்து காத்து, உண்மையை விசாரித்தறிந்து, அறிந்ததை அஞ்சாமல் சொல்லும் நன்மக்களாக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.